5.7கே கேமரா, 1080 டைம்லைன்: தெளிவு எங்கே தொலையுது?

இந்த எபிசோட்ல, 360 டிகிரி வீடியோ எடிட் பண்றவங்க அடிக்கடி கேட்கிற ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கப் போறேன். "கேமரா பெட்டியில 5.7கேன்னு போட்டிருக்கு. எடுத்த உடனே பார்த்தா நல்லாத்தான் இருக்கு. எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் பண்ணின பிறகு பார்த்தா எல்லாமே மங்கல். 8கே கேமரா வாங்கணுமா?"

கொஞ்சம் பொறுங்க. காசைக் கையிலேயே வச்சிருங்க. முதல்ல உங்க ப்ராஜெக்டோட ரெசல்யூஷன் என்ன, எக்ஸ்போர்ட் பண்ணின ஃபைலோட ரெசல்யூஷன் என்னன்னு பாருங்க. என்கிட்ட இந்தக் கேள்வியோட வந்தவங்கள்ல நிறைய பேருக்கு, கேமரா கொடுத்த தெளிவு எடிட்டிங் டைம்லைனுக்குள்ள நுழையும்போதே போயிருந்தது. கேமரா மேல எந்தக் குற்றமும் இல்லை.

ஏன் அப்படி ஆகுதுன்னு புரியணும்னா, 360 வீடியோவில் ஒரு பிக்சல் என்ன வேலை செய்யுதுன்னு தெரியணும். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல்?

பள்ளிக்கூடத்தில் சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடம் ஞாபகம் இருக்கா? உருண்டையான பூமியைப் பிரிச்சு, ஒரு செவ்வகமா விரிச்சு வச்சிருப்பாங்க. 360 வீடியோவும் அதேதான். உங்களைச் சுற்றியிருக்கிற ஒரு முழு உருண்டையை ஒரு செவ்வகமா விரிச்சு வைக்கிறாங்க. இதுக்கு ஈக்விரெக்டாங்குலர்னு பேர். இடமிருந்து வலமா 360 டிகிரி. மேலிருந்து கீழா 180 டிகிரி. அதனால அகலம் எப்பவும் உயரத்தைப் போல ரெண்டு மடங்கு. 2க்கு 1. இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

இப்போ 5.7கேன்னா என்ன? 5760 × 2880. 5760 பிக்சலை 360 டிகிரிக்குப் பங்கு போட்டா, ஒரு டிகிரிக்கு 16 பிக்சல். அவ்வளவுதான் கிடைக்கும். பார்க்கிறவர் ஒரு நேரத்தில் முழு உருண்டையையும் பார்க்கிறதில்லை. ஒரு பக்கமா 90 டிகிரி அளவுக்குப் பார்க்கிறார்னு வச்சுக்குவோம். அவர் கண்முன் இருக்கிறது 1440 பிக்சல் அகலம். பெட்டியில எழுதியிருக்கிற 5.7கே, கண்ணுக்கு வந்து சேரும்போது ஒரு சாதாரண ஃபுல் எச்டியை விடக் குறைவு.

இதே கணக்கை மத்த அளவுகளுக்கும் போட்டுப் பாருங்க. 7680 × 3840, அதாவது இன்ஸ்டா360 எக்ஸ்4 மாதிரியான 8கே கேமரா: டிகிரிக்கு 21 பிக்சல், 90 டிகிரிக்கு 1920. ரிக்கோ தீட்டா வி மாதிரியான 4கே கேமரா, 3840 × 1920: டிகிரிக்கு 10 பிக்சலுக்குக் கொஞ்சம் மேலே, 90 டிகிரிக்கு 960. கடைசியா 1920 × 960: டிகிரிக்கு 5 பிக்சல்தான். 90 டிகிரிக்கு வெறும் 480. பழைய விசிடி காலத்துத் தெளிவுக்குப் பக்கத்தில் வந்துட்டோம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண். நல்ல பார்வை உள்ளவருடைய கண் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 பிக்சல் வரை பிரிச்சுப் பார்க்கும். மெட்டா க்வெஸ்ட் 3 ஹெட்செட் டிகிரிக்கு ஏறக்குறைய 25 பிக்சல் காட்டும். அதாவது 5.7கே வீடியோவை அப்படியே முழுசா கொடுத்தாலும், ஹெட்செட் காட்டக்கூடிய அளவுக்குக் கீழேதான் இருக்கோம்.

சாதாரண வீடியோவில் 4கேயில் எடுத்து 1080-ல் எக்ஸ்போர்ட் பண்ணினா, போனில் பார்க்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே கையில் உபரி இருக்கு. 360-ல் உபரியே கிடையாது. ஆரம்பத்திலேயே பற்றாக்குறை பட்ஜெட். அதிலேயும் பாதியை வழியில் சிந்திட்டா, கடைசியில் கையில் என்ன மிஞ்சும்?

ஒரு போட்டோ ஸ்டுடியோ

எண்களாவே பேசினா மனசுல நிக்காது. ஒரு விஷயம் சொல்றேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பியோட அப்பா 30 வருஷத்துக்கும் மேல போட்டோ ஸ்டுடியோ நடத்தினவர். கடையை மூடுறதுன்னு முடிவானதும், தம்பி ஒரு 5.7கே கேமராவை வாடகைக்கு எடுத்து, கடைக்கு நடுவில் ஸ்டாண்டு போட்டு வச்சு எடுத்தான். சிவப்பு பல்பு தொங்குற டார்க்ரூம், பூங்காவும் படிக்கட்டும் வரைஞ்ச பின்னணித் திரை, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார வைக்கிற ஸ்டூல், கல்லாவில் அப்பா. பின்னாடி ஒருநாள் ஹெட்செட் மாட்டினா கடைக்குள்ளேயே நிக்கலாம். நல்ல யோசனை.

எடிட் பண்ணும்போது சாஃப்ட்வேர் தானா திறந்து கொடுத்த 1920 × 1080 டைம்லைனில் வேலையை முடிச்சான். எக்ஸ்போர்ட் பண்ணினான். லேப்டாப்பில் இடம் இல்லை. வீடியோதான் வந்தாச்சேன்னு ஒரிஜினல் ஃபைல்களை அழிச்சிட்டான். வாடகை கேமராவோட கார்டும் திரும்பப் போயிடுச்சு.

அப்பாவுக்கு ஹெட்செட் மாட்டிவிட்டப்போ நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் மெதுவா நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். கல்லாப் பக்கம் வந்து நின்னார். "ஏன்டா, உக்காந்திருக்கிறது நானா?"ன்னு கேட்டார். ஒரிஜினல் எங்கேன்னு கேட்டார். தம்பி சொன்னான். அவர் கோபப்படலை. "நெகட்டிவைத் தூக்கிப் போட்டுட்டு பிரிண்ட்டை மட்டும் வச்சிருக்கியா?" அவ்வளவுதான் கேட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் முகம் சுமார் 4 டிகிரி அகலம் வரும். 5.7கேயில் அந்த முகத்துக்கு 64 பிக்சல் கிடைச்சிருக்கும். யாருன்னு தெரியும், சிரிக்கிறாரா இல்லையான்னு தெரியும். தம்பியோட ஃபைலில் அதே முகத்துக்கு 21 பிக்சல். மனுஷன் இருக்கார்னு தெரியும், யாருன்னு தெரியாது.

"ஏஐ வச்சுப் பெருசாக்கலாமே"ன்னு தோணும். பெருசாக்கலாம். ஆனா 21 பிக்சலுக்குள் இல்லாத முகத்தை அது எங்கிருந்து எடுக்கும்? ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகினதை வச்சு ஒரு முகத்தை ஊகிச்சு வரையும். தெளிவாத்தான் இருக்கும். அது அவங்க அப்பா முகமா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. கடையும் இப்போ காலி. மறுபடி எடுக்க வழியில்லை.

தெளிவு கைமாறுற நாலு இடம்

கேமராவிலிருந்து பார்க்கிறவர் கண்ணு வரைக்கும் உங்க வீடியோ நாலு இடத்தில் கைமாறுது. நாலு இடத்திலேயும் எண் ஒண்ணா இருக்கணும்.

முதல் இடம், ஸ்டிச்சிங். கேமராவில் ரெண்டு மீன்கண் லென்ஸ் இருக்கு. இன்ஸ்டா360 ஒன் எக்ஸ் மாதிரியான கேமராவில் ஒவ்வொண்ணும் 2880 × 2880 அளவில் ஒரு வட்டப் படம் எடுக்கும். இந்த ரெண்டையும் ஒட்டி ஒரே செவ்வகமாக்கித் தர்றது கேமராக் கம்பெனியின் சாஃப்ட்வேர். அங்கே எக்ஸ்போர்ட் அளவைக் கேட்கும்போது முழு அளவைக் கொடுங்க. சீக்கிரம் முடியட்டும்னு இங்கே 3840-ஐத் தேர்ந்தெடுத்தா, பிறகு டைம்லைனில் என்ன செஞ்சும் பிரயோஜனம் இல்லை.

ரெண்டாவது இடம், டைம்லைன். பெரும்பாலான விபத்து இங்கேதான். டாவின்சி ரிசால்வில் புது ப்ராஜெக்ட் திறந்தா டைம்லைன் 1920 × 1080-ல்தான் ஆரம்பிக்கும். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் போய் கஸ்டம்னு எடுத்து, 5760, 2880ன்னு நீங்களே எழுதணும். ஃப்ரேம் ரேட்டையும் அப்பவே கேமராவோடு ஒத்துப்போக வச்சிருங்க. க்ளிப் உள்ளே வந்த பிறகு அதை மாத்த விடாது. பிரீமியர் ப்ரோவில் இன்னும் சுலபம். க்ளிப் மேல ரைட் க்ளிக் பண்ணி, 'நியூ சீக்வென்ஸ் ஃப்ரம் க்ளிப்' கொடுத்தா, க்ளிப்போட அளவிலேயே சீக்வென்ஸ் உருவாகும். ஏற்கெனவே இருக்கிற சீக்வென்ஸில் முதல் க்ளிப்பை இழுத்துப் போட்டா, செட்டிங்ஸை மாத்தவா, அப்படியே வைக்கவான்னு ஒரு சின்னப் பெட்டி வரும். படிக்காம அழுத்துற பெட்டி அது. தயவுசெய்து படிங்க.

மூணாவது இடம், எக்ஸ்போர்ட். இங்கே ஒரு வார்த்தை நம்மை ஏமாத்தும். பிரீமியரில் 'மேட்ச் சோர்ஸ்'னு ஒரு ப்ரீசெட் இருக்கு. சோர்ஸ்னா கேமரா ஃபுட்டேஜ்னு நாம நினைச்சுக்குவோம். சீக்வென்ஸை எக்ஸ்போர்ட் பண்ணும்போது அதுக்கு சோர்ஸ்னா அந்த சீக்வென்ஸ்தான். சீக்வென்ஸ் 1080-ல் இருந்தா, மேட்ச் சோர்ஸ் உங்களுக்கு விசுவாசமா 1080-ஐத்தான் தரும். பேர் நம்பிக்கை கொடுக்குதேன்னு எண்ணைப் பார்க்காம விட்டுடாதீங்க.

நாலாவது இடம், மேலேத்தின பிறகு. யூடியூப் உங்க ஃபைலை அப்படியே காட்டாது. பல அளவுகளில் மறுபடி சுருக்கி வச்சுக்கும். பெரிய அளவுகள் தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும். ஏத்தின அஞ்சாவது நிமிஷத்தில் பார்த்துட்டு "மங்கலா இருக்கே"ன்னு பதறாதீங்க. பார்க்கும்போது தரத்தையும் கவனிங்க. ப்ளேயரில் 1080ன்னு இருந்தா அது முழு உருண்டைக்கும் சேர்த்து. உங்க கண்முன் இருக்கிற 90 டிகிரிக்கு 540 பிக்சல்தான் வரும்.

16க்கு 9-ல் போட்டா என்ன ஆகும்?

சிலர் கேட்பாங்க: "நான் 1080 போடலை, 4கே போட்டேன், 3840 × 2160. இது போதாதா?" இங்கே பிரச்சினை தெளிவு மட்டும் இல்லை, வடிவமே கெட்டுப்போகும். முன்னாடி சொன்ன 2க்கு 1 கணக்கு இப்போ வேலைக்கு வருது.

2க்கு 1 படத்தை 16க்கு 9 சட்டத்தில் வச்சா, மேலேயும் கீழேயும் 120 பிக்சலுக்குக் கறுப்புப் பட்டை விழும். சாதாரண வீடியோன்னா சினிமாஸ்கோப் மாதிரி இருக்குன்னு விட்டுடலாம். இங்கே அந்தச் செவ்வகத்தை மறுபடி உருண்டையா சுருட்டப் போறாங்க. மேல் விளிம்பு முழுசும் உங்க தலைக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் போய்க் கூடும். அதனால அந்தக் கறுப்புப் பட்டை, உச்சந்தலைக்கு மேலே ஒரு கறுப்பு வட்டமாகவும், காலடியில் இன்னொரு கறுப்பு வட்டமாகவும் மாறும். மையத்திலிருந்து விளிம்பு வரை 10 டிகிரி. கூடவே, 180 டிகிரிக்கான படம் 160 டிகிரிக்குள் நசுங்கும். எல்லாரும் கொஞ்சம் குள்ளமா தெரிவாங்க.

கறுப்பு வேண்டாம்னு படத்தைப் பெருசாக்கிச் சட்டத்தை நிரப்பினா, வேற கதை. ரெண்டு ஓரத்திலேயும் சேர்த்து 40 டிகிரி வெட்டுப்படும். பார்க்கிறவர் பின்னாடி திரும்பினா, சுவரில் பாதி ஜன்னலும் பாதிக் கதவும் ஒட்டிக்கிட்டு நிக்கும். நடுவில் இருந்த ஆள் இருந்த இடமே தெரியாது. 320 டிகிரியை 360-க்கு இழுத்ததால் எல்லாரும் அகலமாயிடுவாங்க.

ஆக, 360-ஆகவே வெளியிடுற வீடியோவுக்கு டைம்லைன் 2க்கு 1. அதில் பேரம் கிடையாது.

எக்ஸ்போர்ட் பட்டன் மறுத்தா

சரி, எல்லாம் சரியா போட்டீங்க. எக்ஸ்போர்ட்டில் 5760ன்னு எழுதினா சாஃப்ட்வேர் ஏத்துக்க மாட்டேங்குது, இல்லைன்னா கம்ப்யூட்டர் திணறுது. காரணம் பெரும்பாலும் கோடெக். எச்.264-ல் லெவல்னு ஒண்ணு இருக்கு. 5.2 லெவல் வரைக்கும் ஒரு ஃப்ரேமில் அடங்குற அளவு 4096 × 2304தான். 5760 × 2880 அதைத் தாண்டிடுது. அதுக்கு லெவல் 6 வேணும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிற எச்.264 என்கோடரும் 4096 அகலத்தோட நின்னுடும். அதே கார்டில் எச்.265 என்கோடர் இருந்தா, புதுத் தலைமுறைக் கார்டுகளில் 8192 வரை போகும். அதனால 5.7கேக்கும் 8கேக்கும் எச்.265. சாஃப்ட்வேர் மறுத்துடுச்சேன்னு அகலத்தை 4096 ஆக்கிடாதீங்க. கோடெக்கை மாத்துங்க, எண்ணை விட்டுக்கொடுக்காதீங்க.

பிட்ரேட்டையும் பாருங்க. ரெசல்யூஷன் சரியா இருந்து பிட்ரேட் 10 மெகாபிட்டா இருந்தா, பெரிய சட்டியில் கொஞ்சம் மாவை ஊத்தித் தேய்ச்ச தோசை மாதிரி, எங்கே பார்த்தாலும் ஓட்டை. 5.7கேக்கு நான் நொடிக்கு 100 மெகாபிட் பக்கம் வைப்பேன். நிமிஷத்துக்கு 750 எம்பி வரும். 10 நிமிஷ வீடியோ 7.5 ஜிபி. வலிக்கும்தான். ஏத்தி முடிக்கிற வரைக்குமாவது பொறுத்துக்கோங்க.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டாவின்சி ரிசால்வோட இலவசப் பதிப்பு 3840 × 2160-க்கு மேல எக்ஸ்போர்ட் பண்ண விடாது. அதில் 360-க்குக் கிடைக்கிற உச்சம் 3840 × 1920. டிகிரிக்கு 10 பிக்சல். வேலையை ஆரம்பிக்கும் முன்னாடியே இது தெரிஞ்சிருக்கணும். எடிட் முடிஞ்ச ராத்திரியில் தெரிய வரக்கூடாது.

இன்னொண்ணு, ரெசல்யூஷன் சரியா இருந்தும் வீடியோ சுத்தாம, வளைஞ்ச செவ்வகமாவே நின்னா, ஃபைலுக்குள் 'இது 360'னு சொல்ற மெட்டாடேட்டா இல்லைன்னு அர்த்தம். பிரீமியரில் எக்ஸ்போர்ட் செட்டிங்ஸில் விஆர்னு குறிக்கிற கட்டம் இருக்கு. விட்டுப்போச்சுன்னா கூகுளோட ஸ்பேஷியல் மீடியா மெட்டாடேட்டா இன்ஜெக்டர்னு ஒரு சின்னக் கருவி இருக்கு. மறுபடி ரெண்டர் பண்ணாமலே சேர்த்துடலாம்.

எப்போ ஒத்துப்போக வேண்டாம்?

விதின்னு சொன்னா விலக்கும் சொல்லணும்.

360 கேமராவில் எடுத்து, அதிலிருந்து ஒரு கோணத்தை மட்டும் வெட்டி ரீல்ஸா, சாதாரண வீடியோவா வெளியிடுறீங்கன்னா, டைம்லைன் கடைசியா போற இடத்தோட அளவில் இருக்கணும். 1920 × 1080, இல்லைன்னா 1080 × 1920. இங்கே 5760 டைம்லைன் அர்த்தமில்லாதது. அதே சமயம் 5.7கேயிலிருந்து 90 டிகிரியை வெட்டி 4கேன்னு எக்ஸ்போர்ட் பண்றதும் வீண். உள்ளே இருக்கிறது 1440 பிக்சல்தானே.

லேப்டாப் திணறினா டைம்லைனைச் சின்னதாக்காதீங்க. ப்ராக்ஸி போடுங்க. 5760-க்கு 1440 × 720-ல் ப்ராக்ஸி போட்டா வடிவம் மாறாது, ஓட்டமும் லேசாகும். பிரீமியரில் நீங்களா டிக் பண்ணாத வரைக்கும் எக்ஸ்போர்ட் ஒரிஜினலிலிருந்துதான் போகும்.

5.7கேயை 8கேயா பெருசாக்கி யூடியூப்பில் ஏத்துறவங்களும் உண்டு. புதுசா ஒரு விவரமும் சேராது. பெரிய அளவு ஃபைலுக்கு யூடியூப் கொஞ்சம் தாராளமா பிட்ரேட் ஒதுக்கும், அதனால குறைவா சிதையும்ங்கிற கணக்கு அது. நேரமும் இடமும் இருந்தா செஞ்சு பாருங்க. ஆனா டைம்லைன் 1920-ல் இருந்து எக்ஸ்போர்ட்டில் மட்டும் 5760 போடுறது இந்தக் கதை இல்லை. ஃபைல் பேர்தான் பெருசாகும்.

பத்து நொடி சோதனை

கடைசியா ஒரு பழக்கம். முழு எடிட்டுக்கு முன்னாடி, எழுத்து தெரியுற ஒரு இடத்தை எடுத்துக்கோங்க. கடைப் பலகை, காலண்டர், எதுவானாலும் சரி. பத்து நொடி மட்டும் வெட்டி, கடைசியா எப்படி எக்ஸ்போர்ட் பண்ணப் போறீங்களோ அதே செட்டிங்ஸில் எடுங்க. எக்ஸ்போர்ட் ஆன ஃபைலைத் திறந்து, ஸ்டிச் பண்ணின ஃபைலோட பக்கத்தில் வச்சு, ஒரே எழுத்தை ரெண்டிலேயும் பாருங்க. ஒண்ணுபோல இருந்தா தொடரலாம். இல்லைன்னா நாலு இடத்தில் எங்கேயோ எண் மாறியிருக்கு. பத்து நொடியில் கண்டுபிடிச்சா பத்து நிமிஷத்தில் சரிபண்ணிடலாம்.

அது வரைக்கும் ஒரிஜினலை அழிக்காதீங்க. எக்ஸ்போர்ட்டை இன்னொருத்தர் ஹெட்செட்டில் பார்த்து, "நல்லா தெரியுது"ன்னு சொன்ன பிறகும், மீன்கண் ஃபைல்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். நாளைக்கு டிகிரிக்கு 60 பிக்சல் காட்டுற ஹெட்செட் வரலாம். ஸ்டிச்சிங் இன்னும் நல்லாகலாம். அப்போ திரும்பிப் போக உங்ககிட்ட நெகட்டிவ் இருக்கணும்.

அடுத்த எபிசோட்ல 360 வீடியோவுக்கு ஒலி எப்படிப் பதிவு பண்றதுன்னு பேசலாம். இப்போதைக்கு, உங்க லேப்டாப்பில் பாதி முடிஞ்சு கிடக்கிற ப்ராஜெக்டைத் திறந்து, டைம்லைன் அளவை ஒருதடவை பார்த்துடுங்க.